தடையும் பெருக்கும்

மனித சரீரத்தில் ரத்தம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் ஓடுகிறது. இருதயத்திலிருந்து தமனிகள் வழியாகப் புறப்பட்டு, அவயவங்களுக்குள் நுண்ணிய குழாய்களாகப் பிரிந்து, மறுபடியும் சிரைகளாகத் திரண்டு இருதயத்துக்கே மீளுகிறது. இந்த ஒழுங்குக்கு விலக்காக அமைந்தது வயிற்றுப் பகுதி. இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றில் சஞ்சரித்த ரத்தம் நேரே இருதயத்தை நாடாமல், போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் திரண்டு, கல்லீரலுக்குள் புகுந்து, அங்கே இரண்டாம் முறையாக நுண்குழாய்களில் பரவி, அந்த அவயவத்தின் உயிரணுக்களையெல்லாம் தொட்டுச் சென்ற பின்னரே இருதயத்தை அடைகிறது. நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் செல்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ இந்தச் சிரைதான் கொண்டு சேர்க்கிறது. இத்தனை பெரிய பிரவாகம் மிகச் சொற்பமான அழுத்தத்தில் நடைபெறுவதுதான் விசேஷம். கல்லீரலுக்குள் நுழையும் சிரைக்கும் அதிலிருந்து வெளியேறும் சிரைக்கும் இடையே ஆரோக்கியமான மனிதரிடம் காணப்படும் வித்தியாசம் பாதரச அளவில் 5 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அது 10 மில்லிமீட்டரை எட்டினால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைக்க இடமுண்டாகிறது. 12 மில்லிமீட்டரைக் கடந்தால் அவை வெடித்து, நோயாளி ரத்த வாந்தி எடுத்துச் சில மணி நேரத்தில் உயிருக்கு மன்றாடும் நிலையும் வரக்கூடும்.

மதுவினாலோ, ஹெபடைடிஸ் பி, சி ஆகிய தொற்றுகளாலோ, கொழுப்புப் படிவதாலோ கல்லீரல் பல்லாண்டுகள் புண்பட்டுப் புண்பட்டுத் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் என்ற வியாதியில்தான் இந்த அழுத்தம் பெரும்பாலும் உயர்கிறது. நம் வைத்தியர்கள் மகோதரம் என்று பெயரிட்டு அஞ்சிய நிலை, அதாவது வயிற்றில் நீர் கோத்து, தோளும் தொடையும் வற்றி, நோயாளி தன் வயிற்றையே ஒரு பாரமாகச் சுமந்து நடக்கும் நிலை, இந்த வியாதியின் முதிர்ந்த கட்டத்தில் வருவது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டிலும் இப்படிப்பட்ட சிலரை இன்றும் காணலாம். அவர்களுடைய உடம்பில் ரத்த ஓட்டம் எவ்வாறு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு வைத்திய சாஸ்திரம் விடை தேடிய கதை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நீண்டது. அதன் கடைசி ஐம்பது ஆண்டுகளில், யாரும் எதிர்பாராத வகையில், நைட்ரிக் ஆக்ஸைடு என்ற அற்பமான ஒரு வாயு அந்தக் கதையின் நடுவில் வந்து நின்றது.

லண்டன் வைத்தியரான பிரான்சிஸ் கிளிஸன் 1654இல் கல்லீரலைப் பற்றி வெளியிட்ட நூலில் போர்ட்டல் சிரையின் கிளைகளை நுட்பமாக வர்ணித்தார். பிரெஞ்சு வைத்தியர் லாயன்னெக் 1819இல் இறுகிய கல்லீரலுக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். ரஷ்யாவில் நிக்கொலாய் எக் என்பவர் 1877இல் எட்டு நாய்களுக்குப் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குள் விடாமல் நேரே பெருஞ்சிரையோடு இணைக்கும் சஸ்திர சிகிச்சையைச் செய்து பார்த்தார். ஏழு நாய்கள் விரைவில் மாண்டன. எஞ்சிய ஒன்று சுமார் இரண்டரை மாதம் வாழ்ந்து, பிறகு ஓடிப்போய்விட்டது. அந்தச் சோதனையை 1893இல் பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் விரித்துச் செய்தபோது, அவ்வாறு மாற்றி இணைக்கப்பட்ட நாய்கள் மாமிசம் தின்றால் மதிமயங்கித் தடுமாறுவதைக் கண்டார்கள். அந்தச் செய்தியின் முழுப் பொருளும் மனிதர்களுக்கு விளங்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விஷயத்தை ஆண்ட கருத்து ஒன்றே ஒன்றுதான்: தடை. நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பயின்ற ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ, சிரோசிஸால் மாண்டவர்களின் கல்லீரலுக்குள் திரவங்களைச் செலுத்தி அதன் குழாய்களின் அமைப்பை ஆராய்ந்து 1928இல் பிரசுரித்தார். பிற்காலத்தில் இரண்டாம் உலக யுத்தத்தில் தீக்காயமுற்ற விமானிகளின் முகங்களைச் செப்பனிட்டுப் பெரும் புகழ் பெற்றவர் இவர்தான். ஆனால் கல்லீரலைப் பற்றி அவர் இளமையில் எழுதிய அந்தக் கட்டுரையும் அப்புகழுக்குக் குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. தழும்புகளும் முடிச்சுகளும் போர்ட்டல் சிரையின் கிளைகளை நெரித்துச் சுருக்கிவிடுவதால் ரத்தம் முன்னே செல்ல இயலாமல் பின்னே தேங்குகிறது என்ற சித்திரம் அக்கட்டுரைக்குப் பிறகு ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. இத்தாலியில் பாந்தி என்பவர் மண்ணீரலே வியாதியின் மூலம் என்று வாதித்து வந்ததை, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஆலன் விப்பிளும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆபரேஷன் மேஜையிலேயே சிரைகளின் அழுத்தத்தை அளந்து மறுத்தனர். விப்பிள் 1945இல் எழுதிய கட்டுரையும், அவ்வாண்டே வெளிவந்த பிளேக்மோர், லார்ட் ஆகியோரின் ஆபரேஷன் குறிப்புகளும், எக் நாய்களுக்குச் செய்ததை மனிதர்களுக்குச் செய்யும் யுகத்தைத் துவக்கி வைத்தன.

அந்த யுகத்தின் தர்க்கம் எளிமையானது. தடை கல்லீரலில் இருக்கிறது. தடையைச் சுற்றி வேறு வழி அமைத்தால் அழுத்தம் தணியும். அழுத்தம் தணிந்தால் சிரைகள் வெடிக்கா. ரத்தக் கசிவு உண்மையாகவே நின்றது. ஆனால் பல நோயாளிகளுக்குப் பாவ்லோவின் நாய்களுக்கு நேர்ந்ததே நேர்ந்தது: புத்தி மழுங்கியது, கைகள் நடுங்கின, உறக்கமும் விழிப்பும் தலைகீழாயின. ரத்தக் கசிவு ஏற்படும் முன்பே தற்காப்பாக இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைக் காட்டிலும் நீண்ட நாள் வாழவில்லை என்பதும் ஒழுங்கான ஒப்புநோக்கு ஆய்வுகளில் பிற்பாடு தெரியவந்தது. கை தேர்ந்த சஸ்திர வைத்தியர்கள் இத்தனை சாமர்த்தியத்தோடு செய்த காரியம் ஏன் இப்படி முடிந்தது என்ற வருத்தம், தடை என்ற ஒரே கருத்தின் போதாமையைப் பலருக்கு உணர்த்தியது.

போதாமைக்கு வேறொரு சாட்சியும் வெகு நாளாகக் கண்முன்னே இருந்தது. சிரோசிஸ் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்த வைத்தியர் எவருக்கும் அது தெரியும். உள்ளங்கை சிவந்து வெதுவெதுப்பாக இருக்கும். நாடி துள்ளி அடிக்கும். மார்பிலும் தோளிலும் செந்நிறப் புள்ளியிலிருந்து மெல்லிய இழைகள் நாலா பக்கமும் ஓடும் சிலந்திக் குறிகள் காணப்படும். இவ்வளவுக்கும் ரத்த அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் கோவால்ஸ்கி, ஏபல்மன் என்ற இருவர் இந்த அடையாளங்களை அலட்சியம் செய்யாமல், நோயாளிகளின் இருதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை ஓய்வு நிலையில் அளந்து 1953இல் அறிவித்தார்கள். பலரிடம் அது இயல்பைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது. தமனிகளின் எதிர்ப்போ குறைந்திருந்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்போல் மெலிந்த ஒருவருடைய இருதயம், ஓடி வந்து நிற்பவருடைய இருதயத்தின் வேகத்தில் படுக்கையிலேயே உழைத்துக்கொண்டிருந்தது. லண்டனில் ஷீலா ஷெர்லக்கும் அவருடைய சகாக்களும் 1958இல் இதையே விரிவாக உறுதி செய்தனர். அதற்கு அடுத்த ஆண்டு பிரிட்டனின் முதல் பெண் வைத்தியப் பேராசிரியராகப் பதவியேற்ற ஷெர்லக், பின்னாளில் உலகெங்குமிருந்து கல்லீரல் வைத்தியம் பயில வந்தவர்களுக்கு ஆசானாக விளங்கினார். ஆகவே கேள்வி தெளிவாகிவிட்டது: தடை கல்லீரலில் என்றால், உடம்பெங்கும் தமனிகள் ஏன் தளர்ந்து விரிகின்றன?

இக்கேள்வியை விடாப்பிடியாகத் துரத்தியவர்களில் முதன்மையானவர், அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து உழைத்த ரொபெர்த்தோ குரோஸ்மன். அவருடைய கூடத்தில் கையாண்ட முறை எளிமையானது. எலியின் போர்ட்டல் சிரையை ஒரு மெல்லிய ஊசியோடு சேர்த்து நூலால் கட்டி, பிறகு ஊசியை உருவிவிடுவார்கள். சிரை அறவே அடைபடாமல் ஊசியின் பருமனுக்குக் குறுகி நிற்கும். அவ்வாறு குறுக்கிய உடனே அழுத்தம் உயர்வது எதிர்பார்த்ததே. ஆனால் சில நாட்களில் ரத்தம் பக்கவழிகளைத் திறந்துகொண்டு, மிகப் பெரும் பகுதி கல்லீரலைத் தொடாமலே சுற்றிப் போய்விடுகிறது. தடைதான் முழுக் காரணமென்றால், இத்தனை வழிகள் திறந்த பின்பு அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். அது இறங்கவில்லை. குடலுக்குச் செல்லும் தமனிகள் விரிந்து, முன்னைவிட மிகுதியாக ரத்தத்தைப் போர்ட்டல் சிரைக்குள் தள்ளிக்கொண்டிருந்தன என்று 1983இல் வொரோபியோஃபும் குரோஸ்மனும் வெளியிட்ட அளவைகள் காட்டின. வாய்க்காலின் கடைவாயில் வண்டல் மூடினாலும் நீர்மட்டம் உயரும். தலைமதகை அகலத் திறந்துவிட்டாலும் உயரும். இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் கரையில் எத்தனை உடைப்பு எடுத்தாலும் மட்டம் தாழாது. எலிகளில் இவ்வழுத்தத்தின் சுமார் 40 சதவிகிதம் பெருக்கினாலும், மிச்சம் தடையினாலும் உண்டாகிறது என்று 1985இல் பெனோயிட்டும் அவருடைய கூட்டத்தாரும் பகுத்துக் காட்டினர். என் அபிப்பிராயத்தில் இந்த வியாதியின் சரித்திரத்தில் மிகப் பெரிய திருப்பம் இதுதான். பின்னால் வந்த வாயு, இந்தத் திருப்பம் இல்லாமற்போயிருந்தால், தனக்கென ஓரிடம் இல்லாமல் நின்றிருக்கும்.

பெருக்கு எப்படி மகோதரத்தில் முடிகிறது என்பதை 1988இல் கொலராடோவின் ராபர்ட் ஷ்ரையரும், பார்ஸிலோனாவின் அர்ரோயோ, ரோடெஸ் முதலியோரும் கூடி ஒரு பிரமேயமாக வகுத்தனர். குடல் தமனிகள் விரிவதால் மற்ற தமனிகளில் ரத்தம் போதாமலாகிறது; கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள உணர்கருவிகள் இதை ரத்த இழப்பென்றே எண்ணி எச்சரிக்கை செய்கின்றன; சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளிவிடாமல் பிடித்துவைக்கிறது; பிடித்துவைத்த நீர் விரிந்த குழாய்களை நிரப்பப் போதாமல் வயிற்றுக்குள் கசிந்து சேருகிறது. உடம்பில் நீர் மிதமிஞ்சி இருக்கையிலேயே சிறுநீரகம் வறட்சிக்குச் செய்யும் காரியத்தைச் செய்துகொண்டிருக்கும் இந்த விபரீதத்துக்கு அதற்கு முன் யாரும் இவ்வளவு சீரான விளக்கம் தந்ததில்லை. ஆனால் விளக்கத்தின் முதற்படி இன்னும் சூனியமாகவே இருந்தது. தமனியை விரியச் செய்வது எது? குளூககான் என்ற ஹார்மோன்மீதும், பித்த அமிலங்கள்மீதும், புரோஸ்டாகிளாண்டின்கள்மீதும் சந்தேகம் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு பங்கு உண்டு என்று தெரிந்தது. ஒன்றும் முழுக் கணக்கைத் தீர்க்கவில்லை.

விடை வேறு திசையிலிருந்து, கல்லீரலைப் பற்றிக் கனவிலும் எண்ணாதவர்களிடமிருந்து வந்தது. பாஸ்டன் வைத்தியர்கள் இருதயத்தின் மிகை உழைப்பை அறிவித்த அதே 1953ஆம் ஆண்டில், ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் நிபுணர் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய கீற்றுகளின்மேல் அஸிடைல்கோலினை ஊற்றினால் அவை சுருங்குகின்றன என்று எழுதியிருந்தார். உயிருள்ள பிராணியின் ரத்தத்தில் செலுத்தினால் அதே பொருள் குழாய்களை விரியச் செய்கிறது; வெட்டிய கீற்றில் மட்டும் ஏன் மாறாக நடக்கிறது என்ற புதிர் இருபத்தைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. புரூக்ளினில் அவருடைய கூடத்தில் 1978இல் ஒரு நாள் உதவியாளர் பரிசோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டதால், தமனி எதிர்பார்த்ததற்கு மாறாகத் தளர்ந்தது. அதை ஒதுக்கித் தள்ளாமல் ஃபர்ச்காட் துருவிப் பார்த்தபோது காரணம் அகப்பட்டது. கீற்று வெட்டும்போது ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகப் படிந்துள்ள எண்டோதீலியம் என்ற மெல்லிய படலம் தேய்ந்து போய்விடுகிறது. அது இருந்தால் குழாய் தளரும், இல்லாவிட்டால் சுருங்கும். 1980இல் ஸவாட்ஸ்கியோடு சேர்ந்து இதைப் பிரசுரித்த அவர், அந்தப் படலம் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டு அடுத்துள்ள தசையைத் தளரச் செய்கிறதென்று முடிவு கட்டினார். குழாயின் உள்ளே வெறும் மெழுகுபோல் பூசப்பட்டதென்று நினைத்த படலம், தானே ஒரு சுரப்பியென்று அன்று தெரிந்தது.

அந்தப் பொருள் இன்னதென்று அறிய ஏழு ஆண்டுகள் ஆயின. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிஸரின் கொடுப்பதை 1879இலேயே லண்டனில் மர்ரெல் என்பவர் எழுதியிருந்தார். அம்மருந்து உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடை விடுவிப்பதால்தான் வேலை செய்கிறது என்று 1977இல் ஃபெரிட் முராட் காட்டியிருந்தார். படலம் வெளியிடும் பொருளும் அந்த வாயுவே என்று ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் 1986இல் தனித்தனியே யூகித்தனர். இங்கிலாந்தில் பெக்கன்ஹாம் என்ற ஊரில் வெல்கம் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்த சால்வடோர் மொன்காடாவும் அவருடைய குழுவினரும் 1987இல் அதை அளந்தே நிரூபித்தார்கள். மறு ஆண்டு அது எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உற்பத்தியாகிறதென்றும், அந்த உற்பத்தியைத் தடுக்க வல்ல ஒரு போலிப் பொருள் உண்டென்றும் கண்டார்கள். மின்னலிலும் மோட்டார் வண்டிப் புகையிலும் உண்டாகும் ஒரு வாயு, சில விநாடிகளுக்கு மேல் தாங்காதது, நம் ஒவ்வொருவருடைய தமனிச் சுவரிலும் இடைவிடாது பிறந்து மறைந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி உலகை வியப்பில் ஆழ்த்தியது. 1998இல் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் அளிக்கப்பட்டது. மொன்காடா விடுபட்டது பலருக்கு வருத்தம் தந்தது. அந்த வருத்தம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

அந்த மொன்காடாதான் பாட்ரிக் வாலன்ஸோடு சேர்ந்து 1991இல் லான்ஸெட் பத்திரிகையில் ஒரு யூகத்தை வெளியிட்டார். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் நஞ்சு இயல்பாகக் கல்லீரலில் வடிகட்டப்படுகிறது. சிரோசிஸில் கல்லீரல் வலுவிழப்பதாலும் ரத்தம் பக்கவழிகளில் செல்வதாலும் அந்நஞ்சு உடம்பெங்கும் பரவுகிறது. தமனிச் சுவர்கள் அதனால் தூண்டப்பட்டு நைட்ரிக் ஆக்ஸைடை மிகையாக உண்டாக்குகின்றன. உள்ளங்கையின் வெதுவெதுப்பும், துள்ளும் நாடியும், தாழ்ந்த அழுத்தமும் இதன் விளைவே என்பது அவர்கள் வாதம். நாற்பது ஆண்டுகளாக விளக்கமின்றிக் கிடந்த வார்டு அனுபவத்துக்குச் சில பக்கங்களில் ஓர் இரசாயனக் காரணம் கிடைத்தது.

யூகத்தைச் சோதிக்க அதிக காலம் பிடிக்கவில்லை. 1992ஆம் ஆண்டிலேயே பார்ஸிலோனாவின் பிஸ்குவேத்தா, போஷ் முதலியோரும், அதே நகரின் கிளாரியா, ஹிமேனெஸ் முதலியோரும், யேலில் குரோஸ்மனின் குழுவினரும் வரிசையாகக் கட்டுரைகளை வெளியிட்டனர். வாயுவின் உற்பத்தியைத் தடுக்கும் பொருளை வியாதியுற்ற எலிகளுக்குச் செலுத்தினால், தாழ்ந்திருந்த ரத்த அழுத்தம் ஏறியது. இருதயத்தின் மிகை உழைப்புத் தணிந்தது. குடலுக்குப் பாயும் ரத்தம் குறைந்தது. சுருக்கும் மருந்துக்குச் செவிசாய்க்காமலிருந்த குடல் தமனிகள், தனியே எடுத்து வைத்துச் சோதித்தபோதும், வாயுவைத் தடுத்த பின்பு மறுபடியும் சுருங்கின. அடுத்த ஆண்டு, பார்ஸிலோனாவிலேயே குவார்னரும் சகாக்களும் நோயாளிகளின் ரத்தத்தில் இவ்வாயுவின் எச்சங்களான நைட்ரைட்டும் நைட்ரேட்டும் மிகுந்திருப்பதையும், குடல் பாக்டீரியாக்களை அடக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை உட்கொண்டால் அவை குறைவதையும் கண்டனர்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் அது மிக அழகான கதையாக இருந்திருக்கும். ஆனால் 1992இன் எலிகளிடமே ஒரு சிறு முரண் தென்பட்டது. அதற்கு அப்பொழுது அதிக மதிப்புக் கொடுத்தவர்கள் குறைவு. உள்ளே வரும் பெருக்கு இவ்வளவு குறைந்தும், போர்ட்டல் சிரையின் அழுத்தம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. வாயுவைத் தடுத்ததால் கல்லீரலிலும் பக்கவழிகளிலும் இருந்த எதிர்ப்புக் கூடிவிட்டது. அப்படியானால் கல்லீரலுக்கு அந்த வாயு தேவைப்பட்டுக்கொண்டிருந்தது என்றே பொருள்.

இதற்கு முன்னோடியான ஒரு செய்தி 1985இலேயே மெல்போர்னிலிருந்து வந்திருந்தது. பத்தலும் கிராஸ்மனும் சிரோசிஸ் உண்டான எலியின் கல்லீரலைத் தனியே எடுத்து அதனூடே திரவத்தைச் செலுத்திக்கொண்டிருக்கையில் குழாயை விரிக்கும் மருந்துகளைச் சேர்த்தபோது, எதிர்ப்பில் ஒரு பகுதி கரைந்தது. தழும்பு மருந்தினால் கரையாது. ஆகவே மக்கிண்டோ வர்ணித்த கல்போன்ற தடையினுள், நிமிஷத்துக்கு நிமிஷம் கூடிக் குறையும் ஓர் உயிருள்ள இறுக்கமும் கலந்திருக்கிறது. 1998இல் ராக்கியும் சங்கும் ஒரு புறமும், குப்தா, குரோஸ்மன் முதலியோர் மற்றொரு புறமும், சிரோசிஸ் எலிகளின் கல்லீரல் குழாய்ப் படலம் நைட்ரிக் ஆக்ஸைடை இயல்பான அளவுக்கு உண்டாக்குவதில்லை என்று நிரூபித்தனர். வாயுவை உண்டாக்கும் நொதி அங்கே இருக்கத்தான் இருக்கிறது. கேவியோலின் என்ற புரதம் அதை இறுகப் பற்றி முடக்கிவைத்திருக்கிறது என்று 1999இல் விஜய் ஷாவும் சகாக்களும் காட்டினர்.

ஒரே உடம்பு, ஒரே வாயு. கல்லீரலுக்குள் அது பற்றாமையால் குழாய்கள் இறுகித் தடை கூடுகிறது. கல்லீரலுக்கு வெளியே, குடல் தமனிகளில், அது மிதமிஞ்சுவதால் பெருக்கு உண்டாகிறது. மிகுதி, குறைவு என்ற இரண்டு சொற்களில் வியாதிகளைப் பிரித்துப் பழகிய புத்திக்கு இது எளிதில் அடங்குவதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு மிகுந்த வியாதி இது என்று சொன்னாலும் பிழை. குறைந்த வியாதி என்று சொன்னாலும் பிழை. எவ்விடத்தில் என்று சேர்த்துச் சொன்னாலொழிய எதுவும் உண்மையாகாது.

மிகுதிக்கு மூலம் எது என்பதிலும் முதல் யூகம் பாதியே நின்றது. நஞ்சினால் தூண்டப்படும் நொதி ஒன்று தமனிச் சுவரில் புதிதாகப் பிறக்கிறதென்று வாலன்ஸும் மொன்காடாவும் எண்ணினர். தேடியவர்களுக்கு அது பெரும்பாலும் அகப்படவில்லை. 1996இல் மார்ட்டினும் ஷ்ரையரும் சகாக்களோடு காட்டியபடி, எண்டோதீலியத்தில் எக்காலமும் இருக்கிற சாதாரண நொதிதான் எண்ணிக்கையிலும் வேலையிலும் கூடியிருந்தது. ஆயினும் பாக்டீரியாக்களைப் பற்றிய பகுதி பொய்க்கவில்லை. குடலிலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குப் பாக்டீரியாக்கள் தாவிய எலிகளில் வாயு மேலும் மிகுந்திருந்ததென்று 1999இல் வீஸ்ட், குரோஸ்மன் முதலியோர் அளந்தனர். பழைய நொதியையே நஞ்சின் விளைவுகள் முடுக்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. எல்லாவற்றுக்கும் முதற்படியோ இன்னும் எளிமையானது. போர்ட்டல் அழுத்தம் உயர்ந்ததும் குடல் தமனி முதலில் விரிவதில்லை, சுருங்குகிறது; சுருங்கிய குழாயில் ரத்தம் உரசிச் செல்லும் வேகம் படலத்தைத் தூண்ட, வாயு பெருகிச் சுருக்கத்தைத் தளர்த்தி, அதையும் மீறிச் சென்றுவிடுகிறது என்று 2003இல் அதே கூடம் அறிவித்தது. அதற்கு முந்தின ஆண்டு, இந்நொதியின் ஜீனையே நீக்கிய எலிகளுக்குங்கூடப் பெருக்கு உண்டாகிறதென்று இவாகிரியும் குரோஸ்மனும் கண்டதையும் சொல்லாமல் விடலாகாது. வேறொரு குழுவினர் அத்தகைய எலிகளில் பெருக்குக் குறைவதாகக் கண்டனர். வாயு இல்லாத இடத்தில் உடம்பு வேறு பொருள்களைக் கொண்டு அதே காரியத்தை நடத்திக்கொள்ள வல்லது என்பதே இதிலிருந்து பெறக்கூடிய நியாயமான கருத்து.

சிகிச்சையின் கஷ்டம் இங்கேதான் பிறக்கிறது. வாயுவை உடம்பெங்கும் தடுத்தால் குடல் பெருக்குத் தணியலாம். கல்லீரல் மேலும் இறுகும். நச்சுரத்த அதிர்ச்சியில் இவ்வகைத் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, மருந்து பெற்றவர்களில் மரணம் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் விவரம் 2004இல் வெளிவந்தபோது அந்த வழியில் செல்லும் உற்சாகம் யாருக்கும் மிஞ்சவில்லை. மாறாக நைட்ரேட் மாத்திரை கொடுத்து வாயுவைக் கூட்டினால் கல்லீரல் சற்றுத் தளரலாம். ஏற்கெனவே தாழ்ந்த ரத்த அழுத்தம் மேலும் தாழும். கல்லீரலுக்குள் மட்டும் வாயுவை விடுவிக்கும் மருந்தொன்றைப் பித்த அமிலத்தோடு பிணைத்துச் செய்து எலிகளில் வெற்றி கண்டார்கள். 2010இல் நோயாளிகளிடம் சோதித்த முடிவு வெளிவந்தபோது போர்ட்டல் அழுத்தம் குறையவில்லை, குறைந்தது பொதுவான ரத்த அழுத்தந்தான். இதற்கிடையில், இந்த வியாதியில் வாயுவின் பங்கு தெரியாத காலத்தில், 1980இல், பாரிஸ் அருகே கிளிஷியில் திதியே லெப்ரெக் தொடங்கிய ப்ரொப்ரனலால் சிகிச்சை, இருதயத்தின் வேகத்தைத் தணித்தும் குடல் தமனிகளைச் சுருக்கியும் பெருக்கின் பக்கமிருந்து அழுத்தத்தை இறக்கி, இன்றுவரை எத்தனையோ பேரை ரத்த வாந்தியிலிருந்து காத்துவருகிறது. பெருக்கு இன்னும் உண்டாகாத ஆரம்ப நிலையில் அவ்வகை மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வு பலனளிக்காமற்போனது. குரோஸ்மனே முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் தோல்வி, பெருக்கு என்பது வியாதியின் பிற்பகுதியில் சேருவது என்ற கருத்தோடு நன்கு பொருந்துகிறது.

கல்லீரலின் பற்றாமையை நிரப்பும் முயற்சியில் நம்பிக்கை தந்த ஒரு மருந்து, கொலஸ்டிராலுக்காகக் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஸிம்வாஸ்டாடின். அது முடங்கிக் கிடக்கும் நொதியைக் கல்லீரலில் மறுபடி எழுப்புகிறது. 2004இல் பார்ஸிலோனாவில் நோயாளிகளிடமே அளந்தபோது கல்லீரலிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் வாயுவின் எச்சங்கள் கூடியிருந்தன, பொதுவான ரத்த அழுத்தமோ தாழவில்லை. ஒருமுறை ரத்த வாந்தி எடுத்துப் பிழைத்த 158 பேரைக் கொண்டு ஸ்பெயினில் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இம்மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததால் மறுபடி ரத்தம் கசிவது குறையவில்லை; ஆனால் மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 22 சதவிகிதமும், ஸிம்வாஸ்டாடின் பெற்றவர்களில் 9 சதவிகிதமும் மாண்டனர். கல்லீரல் மிகவும் சீர்கெட்டவர்களுக்கு இந்த நன்மை கிட்டவில்லை. அவர்களில் சிலருக்குத் தசை சிதையும் ஆபத்தும் நேர்ந்ததால், எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற நிர்ணயம் இன்னும் வைத்தியர்களின் விசாரணையில் இருந்துவருகிறது.